25 ரூபாயுடன் சிம்லா சென்றவர்

விருந்தோம்பல் என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் நம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பேச வராதவர் யாரும் இருக்க மாட்டார். வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் என்று தொடங்கலாம். திண்ணை வைத்துக் கட்டிய வீடுகளையும், வழிப்போக்கருக்காகச் சாலைகள்தோறும் எழுந்த சத்திரங்களையும் அடுக்கிச் சொல்லலாம், கைதட்டல் நிச்சயம். ஆனால், அதே விருந்தோம்பலை ஒருவன் தொழிலாகக் கொண்டு, மாதச் சம்பளத்துக்கு இலை போட்டுத் தண்ணீர் வைத்தால் அவனுக்கு நாம் தரும் மதிப்பு என்ன? விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் நண்பர்கள் சற்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சுமார் 40 கிலோமீட்டர் சாலையில் எத்தனை ஓட்டல்கள்! அங்கே நம் தந்தை வயதுடைய ஒருவரை விரல் சொடுக்கி அழைக்காதவர் நம்மில் எத்தனை பேர்?

இதைக் கேட்க எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் தந்தை அத்தகைய ஓட்டல் ஒன்றில் பல ஆண்டுகளாகச் சப்ளையராக இருப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் என் தம்பி, தான் ஓட்டல் மேலாண்மை படிக்கப் போவதாகச் சொன்ன அன்று வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர, யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டு எடுக்கும் வேலை தன்னோடு ஒழியட்டும் என்பது அப்பாவின் எண்ணம். அதற்கு ஒரு படிப்பா, அந்தப் படிப்புக்கு ஒரு கட்டணமா என்று அவர் கேட்டபோது எனக்கும் விடை தெரியவில்லை. நூலகத்தில் விடை தேடப் போய்த்தான் மோகன் சிங் ஓபராயின் வாழ்க்கைக்குள் நுழைந்தேன். ஓபராய் என்ற பெயரைப் பெருநகரங்களின் உயர்ந்த கட்டடங்களோடு சேர்த்து நாம் அறிவோம். அந்தப் பெயருக்குரியவர் எங்கிருந்து வந்தார் என்பதை அறிந்தவர் குறைவே.

1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், அன்றைய பஞ்சாபின் ஜீலம் மாவட்டத்தில் பௌன் என்னும் சிற்றூரில் ஓபராய் பிறந்தார். இன்று அவ்வூர் பாகிஸ்தானில் இருக்கிறது. அதே 1898இல்தான் சீசர் ரிட்ஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் பாரிஸ் நகரில் தம் பெயரால் உலகப் புகழ்பெற்ற ஓட்டலைத் திறந்தார். ரிட்ஸும் ஏழை விவசாயக் குடும்பத்தில் 13ஆவது பிள்ளையாகப் பிறந்து, பரிமாறும் வேலையில் தொடங்கியவரே. மேலைநாட்டில் ஒருவர் இத்தொழிலின் உச்சியை அடைந்த ஆண்டில், கீழைநாட்டில் இன்னொருவர் தொட்டிலில் கிடந்தார்.

தொட்டிலுக்கும் நல்லகாலம் வாய்க்கவில்லை. தந்தை அத்தர் சிங் பெஷாவரில் ஒப்பந்தக்காரராக இருந்தவர். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது காலமானார். தாய் பகவந்திக்கு அப்போது வயது பதினாறுதான். கணவனை விழுங்கியவள் என்னும் ஏச்சு எந்த மொழியில் சொன்னாலும் ஒன்றுதானே! புகுந்த வீட்டில் அதைத் தாங்க முடியாமல் கைக்குழந்தையுடன் தாய்வீடு திரும்பினார் அந்த அம்மையார். ஓபராயின் வாழ்வில் பின்னர் வந்த திருப்பங்கள் பலவற்றிலும் இத்தாயின் கை இருந்தது.

ஊர்ப் பள்ளியிலும், பிறகு ராவல்பிண்டியிலும் படித்த மோகன் சிங், லாகூரில் இன்டர்மீடியட் வரை வந்தார். அதற்கு மேல் படிக்கப் பணமில்லை. பட்டப்படிப்பு அதோடு நின்றது. ஒரு நண்பரின் யோசனைப்படி அமிர்தசரஸில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றார். நம் ஊர்களில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்த ஒரு தலைமுறை உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகப் புரியும். வேலை கிடைக்கவில்லை. லாகூரில் உறவினரின் செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து பஞ்சாப் முழுதும் கொந்தளித்த காலத்தில் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. இடையில் இஷ்ரன் தேவி என்னும் நல்லாளை மணந்தார். மனைவி வந்தார், வருமானம் வரவில்லை.

ஊரில் பிளேக் நோய் பரவியபோது, இங்கே இருந்து சாவதைவிட எங்காவது போய்ப் பிழைத்துக்கொள் என்று தாய் அவரை அனுப்பிவைத்தார். வழிச்செலவுக்குக் கொடுத்தது 25 ரூபாய். அது 1922ஆம் ஆண்டு. சிம்லா அப்போது ஆங்கிலேய அரசின் கோடைகாலத் தலைநகரம். அங்கே அரசு அலுவலக எழுத்தர் வேலைக்கான தேர்வு எழுதினார், தேறவில்லை. மலைப்பாதைகளில் வேலை தேடி அலைந்த ஒருநாள், பெரிய பெரிய துரைமார் தங்கும் செசில் ஓட்டலைக் கடந்தபோது, என்னதான் ஆகிவிடும் என்று உள்ளே போய் மேலாளரிடம் வேலை கேட்டார். மேலாளர் ஓர் ஆங்கிலேயர், குரோவ் என்று பெயர். கணக்குச் சீட்டு எழுதும் எழுத்தர் இடம் கிடைத்தது. மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய்க்குள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஓட்டல் நடத்துவதைக் கற்றுத்தர சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 1893இலேயே ஒரு பள்ளி தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம், வேதியியலையும் பொறியியலையும் போல ஓட்டல் நிர்வாகத்தையும் ஒரு பாடமாக ஏற்றுக்கொண்ட ஆண்டு எது தெரியுமா? 1922! கடலுக்கு அப்பால் மாணவர்கள் வகுப்பறையில் அமர்ந்து இதைப் படிக்கத் தொடங்கிய அதே ஆண்டில், படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பஞ்சாபி இளைஞர் சிம்லாவில் அதே பாடத்தை ஆசிரியரும் புத்தகமும் இல்லாமல் தொடங்கினார்.

அவர் கற்றது என்ன? கணக்குச் சீட்டு எழுதுபவன் கையில்தான் ஓட்டலின் நாடி இருக்கிறது. எந்த அறை எத்தனை நாள் காலியாக இருந்தது, எந்த விருந்தாளி எதைக் கேட்டார், எது கிடைக்காமல் முகம் சுளித்தார் என்பதெல்லாம் அந்த மேசையைக் கடந்துதான் போகும். தம் வேலை முடிந்த பிறகும் மற்றப் பிரிவுகளின் வேலையை இழுத்துப் போட்டுச் செய்தார். அரசியல் தலைவர் மோதிலால் நேரு செசிலில் தங்குவது வழக்கம். ஒருமுறை அவர் அவசரமாகத் தட்டச்சு செய்ய வேண்டிய அறிக்கை ஒன்றைத் தந்தார். ஓபராய் இரவெல்லாம் கண்விழித்து அதை முடித்து மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுத்தார். மோதிலால் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். இரண்டு மாதச் சம்பளத்துக்குக் குறையாத தொகை! அப்பணத்தில் மனைவிக்கு ஒரு கைக்கடிகாரமும், குழந்தைக்குத் துணியும், தமக்கு ஒரு மழைக்கோட்டும் வாங்கினார். சிம்லா மழையில் நனைந்துகொண்டே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு மழைக்கோட்டின் அருமை தெரியும். அமிர்தசரஸில் கற்ற தட்டச்சு வீண்போகவில்லை என்பதை நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

செசிலில் மேலாளராகப் பணியாற்றிய கிளார்க் என்னும் இன்னோர் ஆங்கிலேயர் இந்த எழுத்தரின் உழைப்பைக் கண்டுகொண்டார். அவர் செசிலை விட்டு விலகித் தனியே தொழில் தொடங்கியபோது ஓபராயையும் உடன் அழைத்துக்கொண்டார். முதலில் டெல்லியில் ஒரு கிளப்புக்கு உணவு வழங்கும் ஒப்பந்தம். பிறகு சிம்லாவிலேயே கார்ல்டன் என்ற ஓட்டலைக் குத்தகைக்கு எடுத்து, கிளார்க்ஸ் என்று பெயர் மாற்றி நடத்தினார்கள். ஆண்டுகள் உருண்டன. கிளார்க் தாயகம் திரும்ப எண்ணி ஓட்டலை விற்க முன்வந்தபோது, ஓபராய் தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் அடகு வைத்து அதை வாங்கினார். 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் அவர் ஓட்டல் முதலாளி ஆனார். மறுநாள் அவருக்கு வயது முப்பத்தாறு.

முதலாளி ஆன பின்பும் அவரும் இஷ்ரன் தேவியும் காலையில் தாமே கடைத்தெருவுக்குப் போய் இறைச்சியும் காய்கறியும் பார்த்து வாங்கினார்கள். அதனால் சாமான் செலவு பெருமளவு குறைந்தது. இந்தக் கட்டத்தை வீட்டில் படித்துக் காட்டியபோது, அதுவரை காதில் வாங்காதவர்போல் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்தார். ஓட்டல் பிழைப்பதும் முழுகுவதும் கல்லாவில் இல்லை, சரக்கு வாங்கும் இடத்தில்தான் இருக்கிறது என்றார். பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். அமாவாசை என்றால் மேல்மலையனூருக்குப் போகும் கூட்டம். பௌர்ணமி என்றால் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் கூட்டம். சனி ஞாயிறு என்றால் புதுச்சேரிக்குப் போகும் கார்கள். மூன்று கூட்டமும் ஒரே மாதிரி சாப்பிடாது. அமாவாசைக்கு இட்லி மாவு கூடுதலாக ஆட்ட வேண்டும். விரதக்காரர் வெங்காயம் கேட்க மாட்டார். கார்க்காரர் முதலில் பார்ப்பது கழிவறையைத்தான்; அது சுத்தமாக இல்லையென்றால் காப்பிகூடக் குடிக்காமல் போய்விடுவார். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தம்பி சேர விரும்பும் படிப்பின் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கு மேல் அப்பாவுக்குப் பாடமாகவே தெரிந்திருந்தது. ஓபராயின் கதைக்குத் திரும்புவோம்.

கல்கத்தாவில் கிராண்ட் என்று ஒரு பெரிய ஓட்டல். 1930களில் நகரில் தண்ணீர் வழியே பரவிய நோய்க்கு அங்கே தங்கியவர்கள் சிலர் பலியானார்கள். ஓட்டலின் கழிவுநீர்க் குழாய்கள்மீது சந்தேகம் விழுந்தது. ஓட்டல் இழுத்து மூடப்பட்டது. சாவு விழுந்த இடத்தை யார் தொடுவார்? 1938ஆம் ஆண்டளவில் ஓபராய் அதைக் குத்தகைக்கு எடுத்தார். நோய் பயம் போகும்வரை விருந்தாளிகள் பல் துலக்கவும் சோடாத் தண்ணீர் கொடுத்தார் என்பார்கள். பளிங்குத் தரையையும் சரவிளக்கையும்விட ஒரு குவளை நம்பத்தக்க தண்ணீரே ஓட்டலுக்கு அடித்தளம் என்பதை அந்தக் கட்டடம் அவருக்குக் காட்டியது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கல்கத்தாவில் குவிந்த படைவீரர்களுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. சுமார் 1,500 பேரை கிராண்டில் தங்க வைத்து உணவளித்தார் ஓபராய். செல்வம் பெருகியது, 1943இல் ஆங்கில அரசு ராய் பகதூர் பட்டமும் அளித்தது. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இந்த இடத்தைப் புகழ்ந்து கடந்துவிடுவது வழக்கம். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. அதே 1943இல்தான் வங்கப் பஞ்சம்! கிராமங்களிலிருந்து சோறு தேடி வந்த மக்கள் அதே கல்கத்தாவின் தெருக்களில் விழுந்து இறந்தார்கள். வங்கம் முழுதும் மாண்டவர் பல இலட்சம். பஞ்சத்துக்கு ஓபராய் காரணர் அல்லர். ஆயினும் ஒரே சுவருக்கு இப்புறம் விருந்தும் அப்புறம் பட்டினியும் இருந்ததை மறைத்துவிட்டு விருந்தோம்பல் தொழிலின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

அந்த 1943இலேயே அவர் வாழ்வின் மிகப் பெரிய திருப்பமும் நேர்ந்தது. அசோசியேட்டட் ஓட்டல்ஸ் ஆப் இந்தியா என்ற நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் அவர் கைக்கு வந்தன. ஆங்கிலேயர் நடத்திவந்த அந்நிறுவனத்துக்கு டெல்லி, லாகூர், ராவல்பிண்டி, பெஷாவர் முதலிய நகரங்களில் ஓட்டல்கள் இருந்தன. சிம்லாவில் இருந்த ஓட்டலின் பெயர் செசில். 21 ஆண்டுகளுக்கு முன் தேர்வில் தோற்றுவிட்டு வேலை கேட்டு நுழைந்த அதே வாசல்!

நாட்டுப் பிரிவினை அந்தச் சங்கிலியைப் பாதியாக அறுத்தது. பிறந்த ஊரோடு, லாகூர், பெஷாவர் ஓட்டல்களும் எல்லைக்கு அப்பால் போயின. எஞ்சியவற்றைக் கொண்டு 1949இல் ஈஸ்ட் இந்தியா ஓட்டல்ஸ் நிறுவனத்தை அமைத்தார். 1959இல் விமானப் பயணிகளுக்கு உணவு சமைத்து அனுப்பும் தொழிலை இந்திய ஓட்டல் நிறுவனங்களில் முதலாவதாகத் தொடங்கினார். 1965இல் டெல்லியில் இன்டர்கான்டினென்டல் என்ற அமெரிக்கக் குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து புதிய ஓட்டல். 1973இல் பம்பாய்க் கடற்கரையில் 35 மாடி ஓட்டல். எகிப்தில் பிரமிடுகளின் காலடியில் மீனா ஹவுஸ். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உறுப்பினராக இருந்தார். இவற்றைப் பட்டியலாகச் சொல்லி முடிப்பது எளிது. எனக்கு முக்கியமாகப் படுவது 1966ஆம் ஆண்டு.

அந்த ஆண்டு அவர் ஓட்டல் மேலாண்மைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கட்டடம் எழுப்பப் பணம் இருந்தது. வெளிநாட்டுக் கூட்டாளிகள் இருந்தார்கள். கற்ற ஆட்கள்தான் போதவில்லை. தாம் பன்னிரண்டு ஆண்டு செசிலிலும் கிளார்க்கிடமும் அடிபட்டுக் கற்றதை இளைஞர்கள் சில ஆண்டுகளில் முறையாகக் கற்க வேண்டும் என்று விரும்பினார். பட்டம் வாங்க இயலாதவர் பள்ளி திறந்தார். டெல்லியில் அது இன்றும் ஓபராய்க் கற்றல் மேம்பாட்டு மையம் என்ற பெயரில் நடக்கிறது.

இந்தியாவில் இப்படிப்பைத் தொடங்கிய முதல் ஆள் ஓபராய் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1954இலேயே பம்பாயில் அகில இந்தியப் பெண்கள் மத்திய உணவுக் கழகம், லீலாவதி முன்ஷி அம்மையாரின் முயற்சியால், உணவுத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றை நிறுவியது. நாட்டில் அரிசிக்கும் கோதுமைக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. இருக்கும் தானியத்தை வீணாக்காமல், சத்துக் குறையாமல் பலருக்குச் சமைப்பது எப்படி என்பதே அன்றைய பெருங்கேள்வி. ஆக, நம் நாட்டில் இந்தப் படிப்பு பிறந்தது ஆடம்பரத்தில் அன்று, பஞ்ச காலத்தின் நினைவில். அதன் வழிவந்த மத்திய அரசு நிறுவனம் ஒன்று சென்னை தரமணியில் இருக்கிறது. திருச்சியை அடுத்த துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்தவரும் சேரலாம், நுழைவுத்தேர்வு உண்டு. மூன்றாண்டு முடித்தால் கிடைப்பது, நாம் இங்கே வாங்கப்போகும் அதே பி.எஸ்ஸி. பட்டம்தான்.

நம் வட்டாரத்துக்கு இப்படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் செஞ்சியைப் பார்க்கட்டும். 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் இருக்கின்றன. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. வானூர்ப் பக்கம் ஆரோவில் இருக்கிறது. ராஜகிரி உச்சிவரை ஏறி இறங்கும் ஒரு வெளியூர்ப் பெண்ணுக்கு நல்ல தண்ணீரும், கோட்டையின் கதையைப் பிழையின்றிச் சொல்லும் வழிகாட்டியும், இரவு அச்சமின்றித் தங்க ஓர் அறையும் வேண்டுமே! அவற்றை யார் தருவது? வெளியூர் முதலாளி தந்தால் நம் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வாகனக் காவல் வேலைதான்.

ஓபராய் நீண்ட நாள் வாழ்ந்தார். சிம்லாவின் செசில் ஓட்டல் பல ஆண்டுகள் மூடப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு 1997இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது தொண்ணூற்றெட்டு. 2001இல் பத்மபூஷண் விருது வந்தது. 2002ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், 103ஆம் வயதில் மறைந்தார்.

தம்பியின் நுழைவுத்தேர்வு விண்ணப்பத்தை நான்தான் உடனிருந்து நிரப்பினேன். என் பள்ளிச் சேர்க்கைப் படிவம் முதல் கல்லூரி விண்ணப்பம் வரை தந்தையின் தொழில் என்ற இடத்தில் கூலி என்றே எழுதிவந்திருக்கிறோம். அப்பா சொல்லி எழுதியதுதான் அது. இம்முறை அந்த இடம் வந்ததும் தம்பி நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஓட்டல் என்று போடு என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.